கல்லறைச் சுவரே சான்று

சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, சக தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாக அளித்த பெட்டிக்கடையைத் தமக்கும் கேட்டு வழக்காடினார். ஆதிதிராவிடரே எனினும் கிறித்தவர் என்பதால் 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி அவரை விலக்கியது. 1985இல் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பின்னும் சாதி தொடர்வதைக் காட்டினால் மட்டும் போதாது, புதிய சமூகத்திலும் அதற்கொப்பான கொடுமை நீடிப்பதை நிறுவ வேண்டும் எனக் கூறி மனுவைத் தள்ளுபடி செய்தது.

திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறையில் தலித்துகளைப் பிரிக்க எழுந்த சுவர் வேறு எதன் சான்று? ஒரே அப்பத்தைப் பகிர்ந்தோர் மண்ணைப் பகிர மறுக்கையில் ஆன்மிக வளர்ச்சி எங்ஙனம் நிகழும்? திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு உண்டென ஆயர் பேரவையே 2016இல் ஒப்புக்கொண்டது; பங்குகளோ, வெளியார் அறியலாகாதென இன்னும் மூடி மறைக்கின்றன. அம்மறைப்பு நம் வழக்கையே பலவீனப்படுத்துகிறது. ஆகவே பங்குப் பேரவைத் தீர்மானங்களையும் கல்லறைப் பதிவேடுகளையும் தேர்பவனி செல்லாத தெருக்களையும் ஊர்தோறும் ஆவணப்படுத்துமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.