உதிரித் தாளும் ஊசி நூலும்



வெள்ளிக்கிழமை மாலை. கோயிலில் மணி அடித்தாகிவிட்டது. பஜனைக் குழுவினர் பாயில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆர்மோனியக்காரருக்கு ஒரு கை துருத்தியில், மறு கை கட்டையில். பல்லவி முடிந்து சரணத்துக்கு வரும் நேரம் பார்த்து, மின்விசிறிக் காற்றில் எதிரே இருந்த பாட்டுத் தாள் பறந்துவிடுகிறது! பக்கத்தில் இருந்த பையன் ஓடிப்போய்ப் பொறுக்கி வருகிறான். அதற்குள் பாட்டு பாதியில் நின்றுவிடுகிறது.

இந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்த்துச் சிரித்தும் இருப்பீர்கள். ஆனால், சற்று யோசியுங்கள். பறந்து போனது வெறும் தாளா? பாட்டு வரிகளுக்கு மேலே 'ஸ ரி க ம' என்று ஸ்வரம் போட்டு, தாளத்துக்குக் கோடு கிழித்து, யாரோ ஒரு பெரியவர் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் எழுதி வைத்த தாள் அது. எழுதியவர் இன்று இல்லை. அதற்கு இன்னொரு பிரதியும் இல்லை.

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் வழியில் உள்ள மம்பாவ் வட்டாரத்தை எண்ணிப் பாருங்கள். நெகிரி செம்பிலானின் மற்றப் பகுதிகளைப் போலவே இங்கும் நம்மவர் வாழ்க்கை பால்மரத்தோடு வளர்ந்தது. பின்னர்ப் பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து போனார்கள். பஜனைக் குழுவின் தாள்களும் அவர்களோடு பிரிந்தன. பத்துத் தாள் அண்ணன் வீட்டில், ஐந்து தாள் தங்கை வீட்டு டிரங்குப் பெட்டியில், மீதி கோயில் அலமாரியில். இப்படி இருந்தால் அடுத்த தலைமுறைக்கு எது மிஞ்சும்?

ஏடுகள் சொல்லும் பாடம்

பாட்டு அழிவது நமக்குப் புதிதல்ல. மூவர் பாடிய தேவாரம், தில்லைக் கோயில் அறை ஒன்றில் கவனிப்பாரற்றுக் கிடந்தது என்றும், இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் அறையைத் திறந்தபோது கறையான் அரித்தது போக எஞ்சியதே கிடைத்தது என்றும் திருமுறை கண்ட வரலாறு கூறுகிறது.

ஓலைச் சுவடியும் உதிரி ஏடுகள்தாம். அவை சிதறாமல் இருக்க நம் முன்னோர் ஏட்டில் துளையிட்டுக் கயிறு கோத்தார்கள். மேலும் கீழும் மரச் சட்டம் வைத்துக் கட்டினார்கள். கயிற்றின் நுனி உருவிப் போகாமல் இருக்க ஓலையைக் கிளி மூக்குப் போலக் கத்தரித்து முடிந்தார்கள். அதற்குப் பெயரே கிளிமூக்கு!

இசைக்கும் அப்படி ஒரு பெருமுயற்சி நடந்தது. எட்டயபுரத்தில் வாழ்ந்த சுப்பராம தீட்சிதர், தம் குடும்பத்தில் வழிவழியாக வந்த கீர்த்தனைகளை ஸ்வரத்தோடு எழுதி, 1904ஆம் ஆண்டில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெரிய நூலாக அச்சேற்றினார். முத்துசாமி தீட்சிதரின் இருநூறுக்கும் மேற்பட்ட கீர்த்தனைகள் அதில் இருக்கின்றன. நூல் வந்த இரண்டே ஆண்டுகளில், 1906இல், சுப்பராம தீட்சிதர் மறைந்தார். அவர் எழுதி வைக்காமல் போயிருந்தால் எத்தனை கீர்த்தனைகள் அவரோடு போயிருக்கும்!

நம் தோட்டத்துப் பாட்டுத் தாளை அச்சேற்ற யாரும் வரப்போவதில்லை. ஆனால், அதைத் தைத்து வைக்க நம் வீட்டு ஊசியும் நூலும் போதும்.

எது கூடாது?

சிலர் தாள்களுக்கு ஸ்டேப்பிள் அடித்து வைக்கிறார்கள். நம் நாட்டு ஈரக் காற்றில் அந்தக் கம்பி துருப்பிடித்துத் தாளையும் தின்றுவிடும். செல்லோடேப் சில ஆண்டுகளில் பழுப்பேறி, பிசின் கசிந்து, எழுத்தின் மேல் கறையாகப் படியும். பால்மரக் காட்டில் வாழ்ந்த நமக்கு ரப்பர்ப் பால்தான் கைக்கு எட்டிய பசை. அதுவும் நாளடைவில் மஞ்சளாகி, காய்ந்து, உதிர்ந்துவிடும். பசையை மட்டும் நம்பி ஒட்டிய புத்தகம் என்றாவது ஒருநாள் பிரியும். நூலால் தைத்தது நிற்கும்.

"தாள்களை அடுக்கி ஓரத்தில் துளையிட்டுத் தைத்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். உறுதிக்குப் போதும். ஆனால், அப்படித் தைத்த புத்தகம் முழுக்க விரியாது. ஆர்மோனியத்தின் மேல் வைத்தால் தானாக மூடிக்கொள்ளும். ஓரம் வரை எழுதியிருந்தால் எழுத்தும் தையலுக்குள் மறைந்துவிடும். பாட்டுப் புத்தகம் வாழை இலை போல விரிந்து கிடக்க வேண்டும். அதற்கான முறையைப் பார்ப்போம்.

தைக்கும் முறை

முதலில் ஒவ்வொரு தாளையும் நகல் எடுங்கள். இல்லையென்றால் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். பிறகு பாட்டுகளை வரிசைப்படுத்துங்கள். இரண்டு பக்கம் ஓடும் பாட்டு, புத்தகத்தை விரித்தால் இடமும் வலமுமாக எதிரெதிரே வரவேண்டும். அதற்கு நடுவில் ஒரு வெற்றுத் தாள் சேர்க்க நேர்ந்தாலும் பரவாயில்லை. வாசிப்பவருக்குப் பக்கம் புரட்ட மூன்றாவது கை இல்லையே!

எட்டு எட்டுத் தாளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு எட்டிலும் 1ஆம் தாளுக்கு 8, 2க்கு 7, 3க்கு 6, 4க்கு 5 என்று சோடி சேருங்கள். மெல்லிய, உறுதியான வெள்ளைத் தாளில் 2 சென்டிமீட்டர் அகலப் பட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். சோடித் தாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் 4 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அந்தப் பட்டையால் இணைத்து ஒட்டுங்கள். மைதா மாவை நீர் விட்டுக் காய்ச்சிய பசையே இதற்கு நல்லது. பசை மெல்லியதாக இருக்கட்டும். பட்டை எழுத்தை மறைக்கக் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு, பட்டையின் நடுவில் மடியுங்கள். இரண்டு உதிரித் தாள் இப்போது ஒரே மடித்த தாள் ஆகிவிட்டது!

நான்கு மடிப்புகளையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் ஒரு கட்டு; அதாவது 16 பக்கம். இப்படி எல்லாக் கட்டுகளையும் செய்து, பலகை வைத்து, அதன்மேல் அம்மிக் குழவியை ஏற்றி ஓர் இரவு அழுத்தி வையுங்கள்.

மறுநாள் தையல். ஒவ்வொரு கட்டின் மடிப்பிலும் ஆறு துளைகள். மேல் முனையில் ஒன்று, கீழ் முனையில் ஒன்று, நடுவில் இரண்டு பருத்தி நாடாக்களின் இருபுறமும் வரும்படி நான்கு. எல்லாக் கட்டிலும் துளைகள் ஒரே இடத்தில் இருக்கட்டும். கெட்டியான பருத்தி நூலை மெழுகுவர்த்தியில் இழுத்துக்கொள்ளுங்கள், முறுக்கிச் சிக்காது. தூண்டில் நரம்பு வேண்டாம், அது தாளை அறுத்துவிடும்.

முதல் கட்டின் முனைத் துளையில் வெளியிலிருந்து ஊசியை நுழைத்து, நூலின் வாலைக் கொஞ்சம் விட்டு வையுங்கள். உள்ளே ஓடி, அடுத்த துளையில் வெளியே வந்து, நாடாவைச் சுற்றி, மறு துளையில் உள்ளே போங்கள். இரண்டாவது நாடாவுக்கும் அப்படியே செய்து, கடைசித் துளையில் வெளியே வாருங்கள். அதன்மேல் இரண்டாவது கட்டை வைத்து, வந்த வழியே திரும்பித் தையுங்கள். தொடங்கிய முனைக்கு வந்ததும், விட்டு வைத்த வாலோடு முடிச்சுப் போடுங்கள். மூன்றாவது கட்டிலிருந்து, ஒவ்வொரு முனைக்கு வரும்போதும் கீழ்க் கட்டுகளை இணைக்கும் நூலுக்கு அடியில் ஊசியை விட்டு ஒரு முடிச்சுப் போட்டு, அடுத்த கட்டுக்கு ஏறுங்கள். நூலை மடிப்பின் போக்கிலேயே இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் துளை கிழியும்.

முன்னும் பின்னும் ஒரு வெற்றுத் தாளை மடித்து ஒட்டி, நாடா நுனிகளைக் கெட்டி அட்டையில் ஒட்டுங்கள். முதுகுப் பக்கத்துக்கு அம்மாவின் பழைய பருத்திச் சேலையில் ஒரு துண்டு போதும். அதை அட்டைகளில் மட்டும் ஒட்டுங்கள். முதுகில் ஒட்டாமல் விட்டால்தான் புத்தகம் நன்றாக விரியும்.

பூச்சி வராமல்

பசை முழுக்கக் காயாவிட்டால் கரப்பான் பூச்சியும் இராமபாணப் பூச்சியும் விருந்துக்கு வரும். பிளாஸ்டிக் பையில் இறுக்கி வைத்தால் ஈரம் உள்ளேயே நின்று பூசணம் பிடிக்கும். சுவரை ஒட்டாமல், காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள். மாதம் ஒருமுறை நிழலில் விரித்துப் புரட்டுங்கள். வாரந்தோறும் பாட எடுத்தாலே போதும். புரட்டும் புத்தகத்தைப் பூச்சி அவ்வளவாக அண்டாது.

தாய்மார்களே, பெரியோர்களே! இந்த வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய குழுவினரை வீட்டுக்கு அழையுங்கள். ஆளுக்குக் கையிலிருக்கும் தாளைக் கொண்டு வரச் சொல்லுங்கள். ஒருவர் பசை காய்ச்சட்டும், ஒருவர் பட்டை வெட்டட்டும், கண் தெளிவான பேரப்பிள்ளை ஊசியில் நூல் கோக்கட்டும். எந்தத் தாள் யார் கையெழுத்து, எந்தப் பாட்டை யார் எந்தத் திருவிழாவில் பாடினார் என்ற பேச்செல்லாம் அப்போது தானாக வரும். அதைக் கடைசியில் உள்ள வெற்றுத் தாளில் எழுதுங்கள். எழுதியவர் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு இந்த மூன்றையும் விட்டுவிடாதீர்கள். பெயர்ப் பலகை கழற்றப்பட்ட தோட்டங்கள் எத்தனையோ உண்டு. அந்தப் பெயர் உங்கள் பாட்டுப் புத்தகத்திலாவது இருக்கட்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஆர்மோனியத்தின் மேல் அந்தப் புத்தகத்தை விரித்து வையுங்கள். மின்விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பாட்டு நிற்காது.