எந்தப் பாட்டுக்கு எந்தக் குழல்?

பாட்டை மட்டுமல்ல, தெருவையும் பார்த்துத்தான் தேர்வாகின்றன பித்தளை வாத்தியங்கள்

குதிரை மேல் மாப்பிள்ளை. முன்னால் ஜரிகைச் சீருடையில் பேண்டு கோஷ்டி. வட இந்தியக் கல்யாண ஊர்வலம் தெருமுனை திரும்புமுன்பே டிரம்பெட் காதில் விழுந்துவிடுகிறது. தற்செயல் அல்ல. அதற்காகவே அது அங்கே இருக்கிறது.

உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில், ஜலி கோட்டி பகுதிப் பட்டறைகள் தலைமுறைகளாக இந்த வாத்தியங்களைச் செய்துவருகின்றன. 1885இல் தொடங்கப்பட்ட நாதிர் அலி நிறுவனம் இவற்றில் பேர்பெற்றது. உலோகம் ஒன்றுதான், குழாயின் வடிவம்தான் குரலைத் தீர்மானிக்கிறது. டிரம்பெட்டின் குழாய் பெரும்பாலும் ஒரே விட்டத்தில் ஓடுவதால் ஒலி கூர்மையாகப் பாய்கிறது. யூஃபோனியத்தின் குழாய் போகப் போக அகன்றுகொண்டே செல்ல, ஒலி கனிந்துவிடுகிறது. சினிமா டூயட்டில் ஆண் குரலுக்கு இதைவிடப் பொருத்தமான வாத்தியம் பேண்டில் இல்லை.

பியூகிளுக்கு வால்வு கிடையாது. உதடும் மூச்சும் கொடுக்கும் சில சுரங்களே வரும். சிப்பாய்களை எழுப்ப அது போதும், சினிமா மெட்டுக்குப் போதாது. டிரம்பெட்டின் மூன்று வால்வுகள் விடுபட்ட சுரங்களை நிரப்புகின்றன. ஆனால் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் 'மீண்ட்' வால்வில் எளிதில் பிடிபடாது. டிராம்போனின் சறுக்குக் குழாயில் அது இயல்பாக வரும். சிக்கல் வேறு: குழாயை நீட்டினால் முன்னால் போகிறவர் முதுகில் இடிக்கும். ராணுவ பேண்டுகளில் டிராம்போன்காரர்களை முன்வரிசையில் நடக்கவிடுவது இதனால்தான். அடிநாதத்துக்கும் இதே கணக்கு. உட்கார்ந்து வாசிக்க டியூபா. நடந்து வாசிக்க, உடம்பைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் சூசஃபோன்.

ஒலிப்பதிவுக் கூடத்திலோ தெருவின் நிர்ப்பந்தம் இல்லை. மைக் இருப்பதால் டிரம்பெட்டின் வாயில் 'மியூட்' செருகிக் கிசுகிசுக்க வைக்கலாம். 1951இல் வெளியான 'அல்பேலா'வில் சி. ராமச்சந்திராவுக்கு உதவிய சிக் சாக்லேட் போன்ற டிரம்பெட் கலைஞர்கள் பம்பாய் சினிமா இசைக்கு ஜாஸ் வாசனை ஏற்றியது இத்தகைய கூடங்களில்தான்.

இப்போது அந்த மைக் தெருவுக்கே வந்துவிட்டது. ஒலிபெருக்கி வண்டியில் கீபோர்டும் பாடகரும் மெட்டை எடுத்துக்கொண்டால், பித்தளைக்கு மிஞ்சுவது ஆரவாரம் மட்டுமே. கல்யாண சீசன் வருமானத்தில் வருஷத்தை ஓட்டும் பேண்டு முதலாளிக்கு, ஆரவாரத்துக்கு டிரம்பெட்டே போதும். யூஃபோனியம் எதற்கு என்று அவர் கேட்டால், பட்டறைக்காரரிடம் பதில் இருக்காது. கேட்டுப் பழகிய காதுகளிடம் இருக்கலாம்.