வேம்பு சாய்ந்த வளவில் ஒரு பேணி

2020ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆந் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரெவிப் புயலின் காற்றும் மழையும் யாழ்ப்பாணக் குடாநாட்டை அலைக்கழித்து ஓய்ந்த சில நாட்களின் பின், வலிகாமம் வடக்கிலே அண்மைக் காலத்தில் இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்ட ஒரு வளவில், வேரோடு சாய்ந்து கிடந்த பெரியதொரு வேப்பமரத்தின் அருகே, கையில் அலவாங்குடன் நின்ற முதியவர் ஒருவரைக் கண்டேன். 1990ஆம் ஆண்டு குடும்பத்தோடு ஊரை விட்டு ஓடிய வேளையில், காணி உறுதியையும் மனைவியின் நகைகள் சிலவற்றையும் ஒரு பால்மாப் பேணியில் இட்டு, மூடியை மெழுகால் அடைத்து, அந்த வேம்பின் வேலிப் பக்கத்தில் மூன்று முழம் தள்ளிப் புதைத்தவர் அவர். உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டு வீடு இடிந்து, வேலி அழிந்து, பற்றை மூடிப்போன அந்தக் காணியிலே அவருக்கு எஞ்சிய அடையாளம் அந்த மரம் ஒன்றுதான். பற்றையை வெட்டித் துப்புரவாக்கிய பின் கிண்டலாம் என்று அவர் பொறுத்திருந்த வேளையில், புயல் முந்திக்கொண்டது.

மரம் கிணற்றுப் பக்கமாக விழுந்திருந்தது. வேலிப் பக்கத்தில் வேர்களும் செம்மண்ணும் ஒன்றாகப் பெயர்ந்து ஆளுயரச் சுவர்போல நிமிர்ந்து நிற்க, அதன் அடியிலே இடுப்பளவு ஆழத்தில் ஒரு கிடங்கு வாய் பிளந்திருந்தது. “மரமே கிண்டித் தந்திட்டுது, தம்பி. இறங்கி எடுக்கிறதுதான் மிச்சம்” என்றார் முதியவர். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைக் கண்டபோது, நானும் அவருக்குக் கைகொடுத்து இறக்கிவிட்டிருப்பேன். மரம் தறிக்க வந்தவர்தான் விடவில்லை. “ஐயா, அதுக்குள்ள ஒருத்தரும் இறங்கக் கூடாது. கொஞ்சம் தள்ளி நிண்டு பாருங்கோ” என்று சொல்லிவிட்டு, அடிமரத்தை அரியத் தொடங்கினார். வாள் முக்கால் பங்கு இறங்கியதும் மரத்தின் பாரம் விடுபட, அதுவரை சரிந்திருந்த அடிக்கட்டை, வேர்ச் சுவரையும் அதில் ஒட்டியிருந்த மண்ணையும் இழுத்துக்கொண்டு ஒரே வீச்சில் நிமிர்ந்து, கிடங்கின் வாயை மூடிக்கொண்டது. அந்தச் சத்தம் அடங்கிய பிறகும் முதியவர் வெகுநேரம் பேசவில்லை.

இந்தச் சம்பவத்தின் காரணத்தை விளங்கிக்கொண்டால் ஓர் உயிரைக் காக்கலாம். வலிகாமத்தின் செம்மண் பல இடங்களில் சில அடி ஆழமே உள்ளது. அதன் கீழே சுண்ணாம்புக் கல். ஆழமாக இறங்க இடமில்லாத வேர்கள் பாய் விரித்தாற்போலப் பக்கவாட்டில் படர்வதால், மண் நனைந்து இளகிய நாளில் பெருங்காற்று அடிக்கும்போது, மரம் முறிவதற்குப் பதிலாகப் பாயைச் சுருட்டுவதுபோல வேரோடு பெயர்ந்து விடுகிறது. பெயர்ந்த வேர்த்தட்டைத் திரும்பிச் சாயவிடாமல் பிடித்துவைத்திருப்பது பெரும்பாலும் கீழே கிடக்கும் தண்டின் பாரமே; அந்தப் பாரத்தை அரிந்து நீக்கினால் தட்டு தன் பழைய இடத்துக்கே திரும்பக்கூடும். தரையில் ஊன்றி வளைந்து நிற்கும் கிளைகளும் அத்தகையனவே: நாணேற்றிய வில்லைப்போல விசையை அடக்கி வைத்திருந்து, தவறான பக்கத்தில் வெட்டியவரின் நெஞ்சிலே அறையும். எனவே, வேர்த்தட்டைக் கயிற்றாலோ சங்கிலியாலோ கட்டி நிறுத்தாமல், அனுபவமுள்ள தொழிலாளி ஒருவர் பக்கத்தில் இல்லாமல், அந்தக் கிடங்கில் எவரும் இறங்கலாகாது. பிள்ளைகளை அதன் அருகே விளையாடவும் விடலாகாது.

இடத்தைக் குறித்துவைத்துப் பொருளை ஒளித்து வைக்கும் வழக்கம் வேறு நாடுகளில் ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், செய்மதி வழி இடங்காட்டும் ஜிபிஎஸ் சாதனத்துக்கு அமெரிக்க அரசாங்கம் இட்டிருந்த துல்லியத் தடை நீங்கியவுடனே, ஒரிகன் மாநிலத்துக் காடொன்றில் ஒருவர் வாளி ஒன்றை மறைத்துவைத்து அதன் ஆயத்தொலைவுகளை அறிவித்தார். ‘ஜியோகேச்சிங்’ எனப்படும் அந்த விளையாட்டு அங்கிருந்து உலகெங்கும் பரவியது. புயலில் மரம் விழுந்து பெட்டியை மூடிக்கொண்டால், அதை வைத்தவர் அந்த இடத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, மரம் அகற்றப்படும்வரை எவரும் தேடிப்போக வேண்டாம் என்று அறிவிப்பதும், பெட்டியை மண்ணில் புதைக்காதிருப்பதும், காணிக்காரரின் சம்மதத்தைப் பெறுவதும் அதன் ஒழுங்குகள். நிர்ப்பந்தத்தினால் புதைத்த நம் மக்களுக்கு, 1990இலும், வலிகாமமே திரண்டு நாவற்குழிப் பாதையால் தென்மராட்சிக்கு நகர்ந்த 1995 ஒக்டோபர் 30இலும், இந்த ஒழுங்குகளை எண்ணிப்பார்க்க அவகாசம் ஏது? ஆனாலும், விழுந்த மரத்தின் கீழுள்ள பொருளை உடனே எடுத்தே தீரவேண்டும் என்ற ஆவலை அடக்கும் அந்த முதல் ஒழுங்கு, நமக்கே அதிகம் பொருந்துகிறது. கையிலே தொலைபேசியோடு இத்தகைய விளையாட்டில் இறங்கும் இளைஞருக்கு ஒன்று சொல்வேன்: பிறர் வளவில் அனுமதியின்றிப் புகுவது தவறு, இறுக மூடிய பெயரில்லாப் பெட்டியொன்று இந்த மண்ணிலே கிளப்பக்கூடிய பீதியையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஏனெனில், இங்கே மண்ணுக்குள் இருப்பவை பேணிகள் மாத்திரமல்ல. முகமாலை, எழுதுமட்டுவாள், நாகர்கோவில் முதலிய முன்னரங்கப் பகுதிகளில் புதைக்கப்பட்ட மிதிவெடிகளை அகற்றும் பணி யுத்தம் முடிந்து பல ஆண்டுகளாகியும் தொடர்ந்தது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை இணைந்ததே 2017 டிசெம்பரில்தான். வெள்ளம் மண்ணை அரித்து வெடிபொருளை இடம்பெயர்க்கும். பெயரும் வேர் அதை மேலே தூக்கியும் விடும். ஆகவே, முன்னரங்குகளுக்கும் இராணுவ முகாம்களுக்கும் அண்மையில் இருந்த காணியில் மரம் விழுந்தால், முதலில் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ அந்தக் காணி மிதிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டதா என்று கேட்டறிதல் வேண்டும். சந்தேகத்துக்கிடமான பொருள் கண்ணில் பட்டால், தொடாமலும் கல்லெறிந்து பார்க்காமலும், வந்த காலடிச் சுவட்டிலேயே திரும்பி, 119 இலக்கத்தில் பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும். கிளைகளுக்கிடையே மின்கம்பி அகப்பட்டிருந்தால், ஊரெல்லாம் மின்சாரம் இல்லை என்ற நம்பிக்கையில் கைவைக்கலாகாது. அடுத்த வீட்டு ஜெனரேற்றர்கூடக் கம்பியில் உயிரேற்றக்கூடும். மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அழைத்து, அவர்கள் துண்டித்ததை உறுதிசெய்த பின்னரே நெருங்க வேண்டும். வேர்ப்பொந்துகளிலும் பெயர்ந்த கல்லிடுக்குகளிலும் சுருட்டைப் பாம்பு ஒதுங்குவது நம்மூரார் அறிந்ததே. கடித்தால் கட்டுப்போட்டு நேரத்தை வீணாக்காமல் 1990 இலக்கத்தில் அம்புலன்சை அழைக்க வேண்டும்.

இனி உரிமையைப் பற்றி. அயலவரின் மரம் உங்கள் வளவில் விழுந்தாலும் மரம் அவருடையதே. அதை அறுத்து விற்க உங்களுக்கு அதிகாரமில்லை, எடுத்துச் செல்லும்படி கேட்க உரிமையுண்டு. 1707இல் ஒல்லாந்தரான கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த, யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையே வேலி தாண்டிக் கவியும் கிளைகளைப் பற்றிப் பேசுமளவுக்கு, மரத்தகராறு நமக்குப் பூர்வீகச் சொத்து. மரம் விழக்கூடிய நிலையில் இருக்கிறதென்று முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து, பிரதியைக் கிராம அலுவலரிடம் கொடுத்து வைத்திருந்தால், பின்னர் நட்டம் கேட்பதற்கு அதுவே சாட்சியாகும். எழுதாதவர் புயலின்மேல் பழிபோட்டு ஆறுவதைத் தவிர வேறு வழியற்றுப் போகிறார். அத்தகைய பிணக்குகளை நீதிமன்றம் ஏறாமல் தீர்ப்பதற்கு, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைத் தறிப்பதற்கு 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி தேவை. சரிந்து நிற்கும் பனையானாலும் பிரதேச செயலகத்தில் சொல்லிவிட்டுத் தறிப்பதும், மரத்தை ஏற்றிச் செல்லுமுன் அனுமதிப்பத்திரம் பெறுவதும், பிற்பாடு வழக்கில் அலைவதைத் தவிர்க்கும். வீதியில் விழுந்த மரத்துக்குப் பிரதேச சபை. உயிராபத்து என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117.

மண்ணிலிருந்து வெளிப்பட்ட பொருள் யாருடையது என்பது வேறு கேள்வி. தாம் புதைத்த பேணியைத் தம் காணியில் எடுப்பவரை எவரும் தடுக்க முடியாது. காணி கைமாறியிருந்தால், தற்போதைய உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெற்று, கிராம அலுவலர் முன்னிலையில் எடுப்பதே மானமான வழி. ஆனால் கந்தரோடைபோன்ற தொல்லூர்களின் மண்ணில், வேரோடு பழங்காசோ மட்பாண்டமோ வெளிவந்தால், அது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்துக்குட்பட்ட பொருள். அதைத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும், அனுமதியின்றித் தொடர்ந்து அகழ்வது தண்டனைக்குரியது.

எல்லாவற்றிலும் முக்கியமாக நான் சொல்ல விரும்புவது உறுதியைப் பற்றியே. அந்த முதியவரை இடுப்பளவுக் கிடங்குக்குள் இழுத்தது நகையின் ஆசையல்ல. உறுதி இல்லாவிட்டால் காணி போய்விடும் என்ற பயம். உறுதி முடித்த நொத்தாரிசு தம்மிடம் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, இன்னொரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவது நம் நாட்டு நடைமுறை என்பதை அவருக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை. உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், காணியின் பெயர் என்பவற்றுள் நினைவிலிருப்பதைக் கொண்டு பதிவேட்டைத் தேடுவித்து, அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெறலாம். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். வழிதெரியாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

முதியவருடன் நான் இரண்டு முறை பதிவகத்துக்குப் போனேன். தை மாதம் முடியுமுன்னே பிரதி கிடைத்தது. பங்குனியில் மண் நன்றாகக் காய்ந்ததும், அதே மரத்தொழிலாளி அடிக்கட்டையைச் சங்கிலியால் இழுத்துக் கட்டி, வேலிப் பக்கமாக ஒரு வாய்க்கால் வெட்டினார். அலவாங்கு தகரத்தில் பட்டு நொறுங்கிய ஓசை கேட்டது. பேணியின் அடி கறள் தின்று போயிருந்தது. உறுதி கபிலநிறக் களியாகி விரலில் ஒட்டியது. அந்தக் களிக்குள்ளிருந்து இரண்டு காப்புகளை எடுத்து, கிணற்றடியில் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மனைவியிடம் கொடுத்தார் முதியவர். அவர் அவற்றைக் கையில் போட்டுப் பார்த்தார். முப்பது ஆண்டுகளில் கை மெலிந்திருந்தது. காப்புகள் முழங்கைவரை தடையின்றி ஏறின.