பஞ்சத்தின் முகங்கள் – 9: ஒரு ராத்தல் தானியம்

தாது வருஷப் பஞ்சத்தைப் (1876–78) படமெடுத்த வில்லோபி வாலஸ் ஹூப்பர் மதராஸ் குதிரைப்படை அதிகாரி என்பதையும், அவருடைய படத்தலைப்புகளில் ஒருவர் பெயரும் இல்லை என்பதையும் வாசகர் அறிவர். இவ்வாரம் பர்மாவில் அவர்மீது நடந்த விசாரணையை எழுதுவதாகச் சொல்லியிருந்தாலும், அப்படங்களில் எலும்புக்கூடாய் அமர்ந்திருப்போரின் வயிற்றுக்கணக்கைப் பார்க்காமல் அங்கே செல்வது முறையன்று.

அக்கணக்குக்கு 'டெம்பிள் கூலி' என்று பெயர். வைஸ்ராய் லிட்டனின் பிரதிநிதியாக 1877 ஜனவரியில் மதராஸ் வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் நாளெல்லாம் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும், அதாவது சுமார் 450 கிராமும், உப்பு புளிக்குச் சிறிது காசும் போதுமென விதித்தார். பெண்களுக்கும் சிறுவருக்கும் அதனினும் குறைவு. இதே டெம்பிள் 1873–74இல் பீகார், வங்காளப் பஞ்சத்தில் பர்மா அரிசியைத் தாராளமாக இறக்கிச் சாவைப் பெரிதும் தடுத்தவர் என்பதும், அதற்காகவே ஊதாரி என்று தூற்றப்பட்டவர் என்பதும் அறியத்தக்கவை. உயிர்காத்ததற்குப் பெற்ற வசையைத் துடைக்க மதராஸ் ஏழைகளின் சோறு குறைக்கப்பட்டது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், ஒன்றரை ராத்தல் தானியமும் பருப்பும் காய்கறியும் இன்றி உழைக்கும் உடல் நிலைக்காதென வாதாடிய பின், அவ்வாண்டிலேயே அளவு சுமார் 570 கிராமாக உயர்ந்து, சிறிது பருப்பும் சேர்ந்தது. மண் சுமக்கவும் வலுவற்றோருக்கு இருந்த ஏற்பாடு 'இலவச நிவாரணம்'. ஹூப்பரின் படமொன்று அதற்குத் 'தகுதியுள்ளோர்' என்றே தலைப்புப் பெற்றுள்ளது.

அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத் தாலுகாக்களான பெரம்பலூரும் உடையார்பாளையமும் இப்படங்களில் இடம்பெற்ற ஊர்களல்ல எனினும், கொள்ளிடத்துக்குத் தெற்கே காவிரிக் கால்வாய்கள் பாய்ந்த வயல்களைப் போலன்றி, வானத்தையும் ஏரியையும் நம்பி வரகும் கம்பும் பருத்தியும் விளைத்த மேட்டு நிலங்கள் அவை. இன்று அரியலூர் வழியே ஓடும் ரயில் தடம் அக்காலத்தில் இல்லை. தானியம் மாட்டுவண்டியில்தான் வர வேண்டும், தீவனமின்றி மாடுகளோ மடிந்துகொண்டிருந்தன. பச்சைமலைக்கு அப்பாலுள்ள ஆத்தூர் அடங்கிய சேலம் மாவட்டத்தில், 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 1881இல் 16 லட்சத்தை ஒட்டிச் சரிந்திருந்தது.

பர்மா விசாரணை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. அதற்குள், தாது வருஷத்தில் கூலிக்கு வெட்டிய ஏரி, போட்ட சாலை என்று தம் ஊரில் வழங்கும் செய்தி எதையேனும் பெரம்பலூர், அரியலூர் வாசகர்கள் முதியோரிடம் கேட்டறிந்து, ஊர்ப்பெயருடன் இதழுக்கு எழுதி அனுப்ப வேண்டும்.