மார்னிங்சைடு பூங்கா உடற்பயிற்சிக்கூட எதிர்ப்பு

மார்னிங்சைடு பூங்கா உடற்பயிற்சிக்கூட எதிர்ப்பு என்பது நியூயார்க் நகரின் பொதுப் பூங்கா ஒன்றில் கொலம்பியா பல்கலைக்கழகம் கட்ட முனைந்த உடற்பயிற்சிக்கூடத்தை எதிர்த்து நடந்த போராட்டம் ஆகும். இது 1968 இல் உச்சம் பெற்றது. மேட்டில் பல்கலைக்கழகமும், கீழே கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த ஆர்லெமும் அமைய, இடையில் பாறைச் சரிவாக இப்பூங்கா உள்ளது.

இதில் 2.1 ஏக்கர் பல்கலைக்கழகத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. மாணவர்களுக்கு மேல்வாயிலும், ஆர்லெம் மக்களுக்குக் கட்டடத்தின் சிறு பகுதிக்கு மட்டும் செல்லும் கீழ்வாயிலும் திட்டமிடப்பட்டதால், இது இனப் பாகுபாடு எனக் கண்டிக்கப்பட்டது.

1968 ஏப்ரல் 23 அன்று மாணவர்கள் கட்டுமான வேலியைத் தகர்க்க முயன்றனர். பின்னர் பல்கலைக்கழகக் கட்டடங்களைக் கைப்பற்றினர். ஏப்ரல் 30 அன்று காவல்துறை சுமார் 700 பேரைக் கைது செய்தது. ஆயினும் திட்டம் கைவிடப்பட்டது. கூடம் பின்னர் வளாகத்துக்குள்ளேயே கட்டப்பட்டது. அடித்தளத்துக்காகத் தோண்டிய பள்ளம் இன்று அருவியுடன் கூடிய குளமாக உள்ளது.