காம்புக்குள் குங்குமப்பூ

மழை விட்டு வெயில் ஏறத் தொடங்கும் அக்டோபரில், மும்பையின் அணுசக்தி நகரில் விடியற்காலை நடக்கக் கிளம்பினால் ஏதாவது ஒரு கட்டட ஓரத்தில் கால் தானாக நின்றுவிடும். ஈர மண்ணில் வெள்ளையும் செம்மஞ்சளுமாகப் பவழமல்லி கொட்டிக் கிடக்கும். பல மாநிலத்துக் குடும்பங்கள் வாழும் குடியிருப்பு இது. மராத்திப் பாட்டி 'பிராஜக்த' என்று சொல்லிப் பொறுக்குவார். வங்காளத்து வீட்டில் 'ஷியூலி' உதிர்ந்தால் துர்கா பூஜை வந்தாயிற்று. நம் வீடுகளில் கொலுவுக்கு மாலை.

கீழே விழுந்த பூவைச் சாமிக்கு வைப்பதில்லை. பவழமல்லிக்கு விலக்கு உண்டு. எனக்கு அந்த விலக்கு மிகவும் பிடிக்கும். ஏனென்றால் இந்தப் பூ வாடி விழுவதில்லை, செடியே அதை விடுவிக்கிறது. பூவின் அடியில் மெல்லிய செல் அடுக்கு ஒன்று உண்டு. அங்கே செல்களை ஒட்டவைத்திருக்கும் பசை பெக்டின். கொய்யாப்பழ ஜெல்லியை உறைய வைப்பதும் அதுதான். நொதிகள் அந்தப் பசையைக் கரைக்க, பூ வாடாமலே கழன்று விழுகிறது. வெள்ளை நிறம், இரவு மணம், நீண்ட குழல் மூன்றும் அந்துப்பூச்சியை அழைக்கும் பூக்களின் அடையாளம். இரவு முடிந்தபின் பூவை வைத்திருந்தால் பகல் வெயிலில் நீர்தான் செலவாகும்.

ஒரு பூவை எடுத்துக் குழலைக் கிழித்துப் பாருங்கள். வாய்க்குச் சற்று உள்ளே இரண்டு மகரந்தப் பைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சூலகத்தைத் தேடினால் கிடைக்காது. அது பச்சைப் புல்லிக் கிண்ணத்தில் பத்திரமாகக் கிளையிலேயே இருக்கிறது.

இனி இதழை விரல்களுக்கிடையில் அழுத்துங்கள். வெள்ளை மறைந்து, எண்ணெய் பட்ட காகிதம்போல் ஆகிவிடும். அங்கே வெள்ளைச் சாயம் எதுவும் இருந்ததில்லை. செல்களுக்கிடையே இருந்த காற்று ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடித்ததால் வெள்ளையாகத் தெரிந்தது. காற்று வெளியேறியது, வெள்ளையும் போயிற்று.

காம்பு என்று நாம் சொல்லும் செம்மஞ்சள் குழலின் கதை வேறு. அங்கே உண்மையான சாயம் இருக்கிறது. கை நிறையக் குழல்களைக் கிள்ளி வெந்நீரில் போட்டால் சற்று நேரத்தில் நீர் பொன்னிறமாகும். கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டின் நீரில் கரையாது. அதே கரோட்டினாய்டு குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் சாயம் மட்டும் கரைகிறதே, எப்படி? அதன் மூலக்கூறின் இரு முனைகளிலும் சர்க்கரை ஒட்டியிருக்கிறது. நீரோடு உறவு கொள்வது அந்தச் சர்க்கரைதான். குரோசின் என்று பெயர். காஷ்மீரத்துக் குங்குமப்பூவுக்கு நிறம் தருவதும் இதே குரோசின்தான். உறவில் வெகு தொலைவில் இருக்கும் இரண்டு செடிகள், நீல ஒளியை விழுங்கி மஞ்சளைக் காட்டும் ஒரே பொருளைத் தனித்தனியே சமைக்கின்றன!

இந்த ஒற்றுமை வேதியியலுக்கு முன்பே ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது. பம்பாய்த் தீவைப் போர்ச்சுகீசியரிடம் குத்தகைக்கு வாங்கியிருந்த மருத்துவர் கார்சியா த ஒர்த்தா, 1563இல் கோவாவில் அச்சான தம் நூலில் இந்த மரத்துக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார். பூவின் காம்பு குங்குமப்பூவைப்போல உணவுக்கு நிறம் தரும் என்பதும் அதில் உண்டு. அவர் நூலில் இதன் பெயர் 'சோக மரம்'. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸும் அதே சோகத்தை அறிவியல் பெயரில் சேர்த்துவிட்டார். குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களில் ஒன்றான 'சேடல்' இதுதான் என்பார்கள் உரையாசிரியர்கள். அந்தப் பெயரில் அழுகை ஏதும் இல்லை.

சோகம் என்று எனக்கும் தோன்றவில்லை. நாளை காலை பூப் பொறுக்கும்போது ஒரு கணம் நிமிர்ந்து கிளையைப் பாருங்கள். பூ கழன்ற இடத்தில் பச்சைக் கிண்ணங்கள் நிற்கும். அவற்றில் சில பருத்து, நாணயம்போல் தட்டையான காய்களாகும். ஒவ்வொரு காயிலும் இரண்டு அறைகள், அறைக்கு ஒரு விதை.