காலைக் குமட்டல்: இரவுக் கணக்கைச் சரிபாருங்கள்!

விடியற்காலை ஐந்து மணி. பால் வண்டி வருமுன் கடையைத் திறக்க வேண்டும். பல் துலக்கத் தொடங்கியதுமே ஓங்கரிப்பு வருகிறது. புளித்த நீர் தொண்டைவரை ஏறுகிறது. "பித்தம்தான், வேறொன்றுமில்லை" என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டு, வெறும் வயிற்றில் ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கடைக்கு ஓடுகிறோம். மளிகைத் தொழிலில் உள்ள நம்மில் பலருக்கு இது பழகிப்போன சங்கதி.

காலையில் தெரியும் இந்தக் கோளாறு பெரும்பாலும் முதல் நாள் இரவிலேயே தொடங்கிவிடுகிறது. நமது அன்றாட நடைமுறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். காலைச் சிற்றுண்டி பதினொரு மணிக்கு. மதியச் சாப்பாடு, கூட்டம் குறைந்தால் மூன்றரைக்கு. இடையிடையே ஐந்தாறு டீ. இரவு பத்து மணிக்குக் கடையைச் சாத்தி, கல்லாவை எண்ணி முடித்து, பசி வேகத்தில் பரோட்டாவும் குருமாவும் வயிறு முட்டச் சாப்பிடுகிறோம். அடுத்த அரை மணியில் படுக்கை.

வயிற்றுக்கும் ஒரு ஷட்டர்

உணவுக் குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. உணவு உள்ளே இறங்கியதும் அது நம் கடை ஷட்டரைப் போல் மூடிக்கொள்ள வேண்டும். வயிறு நிறைந்த நிலையில் படுத்தால் அந்த ஷட்டர் அழுத்தம் தாங்காமல் விலகி, அமிலம் மேலேறுகிறது. இதுவே எதுக்களிப்பு. எண்ணெய்ப் பண்டங்கள் இரைப்பையை விட்டு இறங்க அதிக நேரம் பிடிக்கும். புகையிலையும் மதுவும் அந்த வளையத்தைத் தளர்த்திவிடும்.

கவலையின் பங்கு

மூளைக்கும் வயிற்றுக்கும் இடையே வேகஸ் என்னும் நரம்பு ஓடுகிறது. திரும்பி வந்த காசோலை, வசூலாகாத கடன் நோட்டு, சரக்கு கொடுத்தவருக்குப் பணம் கட்ட வேண்டிய நாள், ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் ஆகியவற்றை நினைத்துக்கொண்டே சாப்பிட்டால் வயிறு தன் வேலையைச் சரிவரச் செய்யாது. தூக்கமும் கெடும்.

ஆனால் எல்லாவற்றையும் கவலையின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. குடற்புண்ணுக்கு மனக்கவலையும் காரமுமே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள், ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமிக்கு இதில் பெரும் பங்குண்டு எனக் கண்டறிந்தனர். 2005இல் இதற்காக நோபல் பரிசு பெற்றனர். இக்கிருமி இருந்தால் மருந்தால் ஒழிக்க முடியும். ஆகவே தொல்லை நீடித்தால் பரிசோதனை அவசியம்.

நாம் செய்யக்கூடியவை

1. இரவு உணவை டிபன் பாக்சில் வரவழைத்து, எட்டு மணிக்குள் கடையிலேயே முடித்துவிடுங்கள். இட்லி, இடியாப்பம் போன்ற இலகுவான உணவு போதும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் இருக்கட்டும்.

2. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அரை அடி உயரத்துக்கு உறுதியான மரக்கட்டை வையுங்கள். இடப்பக்கமாகச் சாய்ந்து படுப்பதும் நல்லது.

3. காலையில் டீக்கு முன் ஏதேனும் சிறிது சாப்பிடுங்கள். எட்டரைக்குள் சிற்றுண்டி முடியட்டும்.

4. முதுகுவலி, முழங்கால்வலி என்று வலி மாத்திரைகளை வெறும் வயிற்றில் விழுங்காதீர்கள். சர்க்கரை மாத்திரைகள் சிலவும் வெறும் வயிற்றில் குமட்டலை உண்டாக்கும். வேறு சில, மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரையைத் தாழ்த்திப் படபடப்பும் வியர்வையும் உண்டாக்கும். எப்போது சாப்பிடுவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. மறுநாள் தர வேண்டியது, வர வேண்டியதை ஒரு சீட்டில் எழுதிக் கல்லாவிலேயே வைத்துப் பூட்டுங்கள். பாக்கி கேட்கும் பேச்சு ஷட்டர் இறங்கிய பின் வேண்டாம்.

தாமதிக்கக் கூடாதவை

ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக் குறைவு இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். குமட்டலுடன் நெஞ்சில் அழுத்தம், வியர்வை, தாடை அல்லது கையில் வலி இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். "வாயு" என்று சோடா குடித்துக் காத்திராமல் 108ஐ அழையுங்கள். வீட்டுப் பெண்களுக்குக் காலைக் குமட்டல் என்றால் கருவுற்றிருக்கக்கூடும். கேட்காமல் மாத்திரை கொடுக்கலாகாது.

பெரும்பாலான நம் கடைகள் ஒரே ஆளை நம்பி நடப்பவை. அவர் ஒரு வாரம் படுத்துவிட்டால் ஷட்டரும் இறங்கியே இருக்கும், வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆண்டுதோறும் தவறாமல் சரக்கு இருப்பைக் கணக்கெடுக்கும் நாம், நம் உடம்பின் இருப்பையும் பார்த்துக்கொள்வோம். இன்றிரவு எட்டு மணிக்கே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பதில் அதைத் தொடங்கலாம்.